வெறுங்கையோடு வராதவர்

எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று எண்ணூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் அதற்குக் காரணம் எங்கள் மூளை அல்ல, அவர்தான்.

எங்கள் குப்பம் முகத்துவாரத்துக்கு வடக்கே, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஒரு மணல்திட்டு. அப்போது சாலை கிடையாது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, சினிமா எல்லாமே அக்கரையில். படகு வந்தால் போவோம். காற்று எதிர்த்து அடித்தாலோ, படகுக்காரர் முதல் நாள் ராத்திரி குடித்திருந்தாலோ, நாங்கள் போய்ச் சேரும்போது பள்ளிக்கூடக் கதவு சாத்தியிருக்கும். வெயிலில் வெளியே நிற்போம். ஒரு நாள் கஸ்தூரி மயங்கி விழுந்துவிட்டாள். கஸ்தூரி அவருடைய ஒரே மகள். என் வகுப்புதான், பக்கத்து வீடு. மறுநாள் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு படகில் ஏறினார்.

தலைமை ஆசிரியர் அறையில் என்ன பேசினாரோ தெரியாது. சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "பேசி முடிச்சிட்டேன். இனிமே நீங்க லேட்டா வந்தாலும் உள்ள வுடுவாங்க. மொத பீரியடு முடியிற வரிக்கும் பின்னால மரத்தடில குந்திகினு இருக்கணும், அவ்ளோ தான்" என்றார்.

எங்களுக்கு அது பெரிய வெற்றி. அன்றிலிருந்து யாரும் வெயிலில் நிற்கவில்லை. யாரும் அவசரப்பட்டுப் படகேறவும் இல்லை. முதல் பீரியட் கணக்கு.

நான் அவரைப் பெரிப்பா என்றுதான் கூப்பிடுவேன். ரத்த உறவு கிடையாது. என் வயதுக்காரர்கள் எல்லோருக்குமே அவர் பெரிப்பாதான். கிராம நிர்வாகத்தில் அவர் ஒருநாளும் தலைவராக இருந்ததில்லை. தலைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். யார் தலைவரானாலும், பேச வேண்டிய இடத்துக்கு அவரைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். குள்ளமான ஆள். ஒட்டின கன்னம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதிரே இருப்பவன் எவ்வளவு கத்தினாலும், அவன் கத்தி முடிக்கிற வரை காதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு மெதுவாகக் கேட்பார்: "செரி, இன்னா வேணும்னு சொல்லு."

அந்தக் கேள்வியிலேயே பாதிச் சண்டை படுத்துவிடும். கத்துகிறவனுக்குப் பெரும்பாலும் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்காது.

எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் அப்பன் விட்டுப்போன படகுக்காக அரிவாள் எடுக்கிற அளவுக்குப் போனார்கள். அவர் நடுவில் உட்கார்ந்தார். அண்ணனுக்குப் படகு, தம்பிக்கு இன்ஜின் என்று பிரித்துக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். படகை வைத்துக்கொண்டு அவனும், இன்ஜினைத் தோளில் வைத்துக்கொண்டு இவனும் என்ன செய்வார்கள்? ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். பிறகு வயிறு காய்ந்தது. சேர்ந்து கடலுக்குப் போனார்கள். இன்றுவரை சேர்ந்துதான் போகிறார்கள், பேசிக்கொள்வதுதான் இல்லை.

எங்கே போனாலும் அவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். காசிமேட்டுக்கு வலை நூல் வாங்கப் போய்க் கடை மூடியிருந்தால், ஒரு கட்டு முருங்கைக்கீரையாவது கையில் இருக்கும். ராயபுரத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போனவர் ஒரு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். செத்தவருடைய நாற்காலி வேண்டாம் என்று வெளியே போட்டிருந்தார்களாம், கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம். அவர் மனைவியை நாங்கள் பெரிம்மா என்போம். பெரிம்மா அந்த நாற்காலியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எமன் வந்து கூப்ட்டா கூட இந்தாளு சும்மா போவ மாட்டாரு. ஊருக்கு ஒரு பைப்பு வாங்கிக் குட்த்துட்டு தான் போவாரு."

பைப்பு என்று பெரிம்மா சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததே பெரிப்பாவால்தான். அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஊருக்குச் சோறு போட்டது ஆறுதான். கடலுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் மழைக்காலத்தில் கடல் ஆளை விடாத நாட்களிலும் வீடுகளில் அடுப்பு எரிந்ததென்றால் அது ஆற்று இறாலால் எரிந்தது. ஆற்றில் எந்த இடத்தில் எந்தக் குடும்பம் எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஒரு முறை இருந்தது. அதைப் பாடு என்பார்கள். தன் பாடு இல்லாத நாளில் ஒருவன் வலை கட்டினால் ஊர் அவனைச் சும்மா விடாது. விடியும்போது காத்திவாக்கத்திலிருந்து வியாபாரிகள் வந்து கரையிலேயே ஏலம் கேட்பார்கள். என் அம்மா தன் பங்கைக் கூடையில் எடுத்துக்கொண்டு திருவொற்றியூர்வரை போய் விற்பாள். நைனா பிடித்தார், அம்மா விற்றாள். நானும் தம்பி சதீஷும் அதில்தான் வளர்ந்தோம்.

அக்கரையில் மின்சாரம் எடுக்கிற ஆலை ஒன்று இருந்தது. அதன் நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, ஆற்றின் குறுக்கே குழாயில் அனுப்புவார்கள். அந்தக் குழாய் உடைந்தது. ஒட்டினார்கள், வேறு இடத்தில் உடைந்தது. ஆறு சிமென்ட் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. நைனா வலையைத் தூக்கினால் இறாலுக்குப் பதில் சாம்பல் சேறு வந்தது. இறங்கி நடந்தால் கால் புதைந்தது. ஊரில் மணலைத் தோண்டி எடுக்கிற ஊற்றுத் தண்ணீரும் கரிக்க ஆரம்பித்தது. ஆண்கள் படகுகளைக் கட்டி ஆலையின் வழியை மறித்தார்கள். சில நாட்கள் கழித்துப் பெரிப்பா வெள்ளைச் சட்டையை எடுத்தார்.

சாம்பல் குழாய் வந்த வழியிலேயே எங்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வந்தது. தெருவுக்கு ஒரு குழாயடி. முதல் குடம் என் அம்மாதான் பிடிக்க வேண்டும் என்று அவர் கூப்பிட்டார். ஊரிலேயே அதிகத் தூரம் கூடை சுமக்கிறவள் அவள் என்பதால். குடம் நிரம்புகிற வரை அம்மா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிரம்பியதும் கேட்டாள்.

"அண்ணா, ஆத்துக்கு இன்னா கேட்டீங்க?"

"ஆத்த கேட்டா குடுக்க மாட்டாங்கமா" என்றார் அவர். கோபமே இல்லை, சமாதானம் செய்கிற குரல். "அவங்க எத்த குடுப்பாங்களோ அத்த தான் நம்ம கேக்கணும்."

அம்மா குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தத் தண்ணீரில்தான் அன்று சோறு பொங்கினாள். நல்ல தண்ணீர். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவர் வாங்கிக்கொண்டு வந்ததெல்லாம் நல்ல பொருள்தான் என்பதுதான் இதில் கஷ்டம். பிறகு துறைமுகம் வந்தது; அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. மணல்திட்டின் வடக்குப் பகுதி போனது. அவர் சாலை வாங்கிக்கொண்டு வந்தார். பிரசவ வலியில் படகுக்குக் காத்திருந்து செத்த பெண்கள் எங்கள் ஊரில் உண்டு. சாலை வந்த பிறகு அப்படி யாரும் சாகவில்லை. சமுதாயக்கூடம் வாங்கிக்கொண்டு வந்தார். விளக்குக் கம்பங்கள் வாங்கிக்கொண்டு வந்தார். கடைசியில் "வூட்டுக்கு ஒரு வேல" என்று பேசி முடித்து வந்தபோது ஊரே அவரைத் தோளில் தூக்காத குறை. காண்டிராக்ட் வேலைதான். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது, கேட்டில் நிற்பது, கப்பலில் வருகிற கண்டெய்னர் பெட்டிகளை அடுக்குகிற யார்டில் வண்டிகளுக்கு வழி காட்டுவது. ஆனாலும் மாதம் பிறந்தால் சம்பளம். கடலில் எவனுக்கு அது நிச்சயம்?

ஆற்றில் பாடு வைத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வலையைச் சுருட்டின. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பாடு நாளும் ஷிஃப்டும் ஒரே நாளில் வந்தால் ஷிஃப்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். இறாலும் குறைந்துபோயிருந்தது.

ஏன் இப்படி எதைக் கேட்டாலும் ஒத்துக்கொண்டு வருகிறார் என்று எனக்கு ஒருமுறை எரிச்சல் வந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், அந்த வயதின் எரிச்சல். பேருந்து நிறுத்தத்துக்கு இரண்டு பேரும் நடந்து போகையில் கேட்டேவிட்டேன். "ஒரு தபாவாச்சும் வேணாம்னு சொல்லிருக்கலாம்ல பெரிப்பா?"

அவர் நடந்துகொண்டே சொன்னார். அவர் பிறந்தது இந்த மணல்திட்டில் இல்லையாம். இன்னும் வடக்கே, இப்போது வேலிக்குள் இருக்கிற ஓர் இடத்தில். அவருடைய அப்பன் காலத்தில் அங்கே ஏதோ கட்ட வந்தார்கள். ஊர் மொத்தமும் வேண்டாம் என்றது. கல் எறிந்தார்கள். போலீஸ் வந்தது. "எங்க நைனாவ பூட்ஸ் காலால ஒதைச்சத நான் பாத்துகினு இருந்தேன். வேணாம் வேணாம்னு தான் கத்துனாரு. அப்பறம் இன்னா ஆச்சி? அது வந்துச்சு. நாங்க சட்டி பானைய தூக்கினு இங்க வந்தோம். கைல ஒண்ணும் இல்ல. வேணாம்னு சொன்னவனுக்கும் அது வருது, செரின்னு சொன்னவனுக்கும் அது வருது. செரின்னு சொன்னா ஒரு பைப்பாச்சும் வரும்."

அதற்குள் பேருந்து வந்துவிட்டது, ஏறினோம்.

வீட்டுக்கு ஒரு வேலை வந்தபோது தன் வீட்டு வேலையை அவர் மருமகன் பிரபுவுக்குக் கொடுத்தார். பிரபு காத்திவாக்கத்துப் பையன். கஸ்தூரியைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊரோடு வந்துவிட்டவன். அவனுக்கு வேலை பிடிக்கவில்லை. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. கஸ்தூரிக்குக் கடல் என்றால் பயம். சாயங்காலம் காற்று எழுந்தால் கரையில் போய் நின்றுவிடுவாள். அவள் பயம் அவருக்குத் தெரியும். "கடல்ல போனா இவ தெனம் கரைல நிக்கிறா. யார்டுல இன்னாடா பயம்? தரைல தான நிக்கப் போற" என்று பிரபுவிடம் சொன்னார். பிரபு சிரித்துக்கொண்டே தலையாட்டினான். மஞ்சள் தொப்பியும் பெரிய பூட்ஸும் போட்டுக்கொண்டு முதல் நாள் போனபோது நாங்கள் எல்லோரும் கேலி செய்தோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழையபடி அரை டிராயரோடு ஆற்றில் இறங்கி வலை வீசுவான். கிடைத்த நான்கு மீனைத் தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் பங்கு வைப்பான்.

அவன் யார்டிலேயே செத்தான். நல்ல வெயில் நேரம். ஒரு டிரெய்லர் வண்டி ரிவர்ஸில் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அவன் அதற்கும் பெட்டிகளுக்கும் நடுவில் இருந்ததை ஓட்டுகிறவன் பார்க்கவில்லை.

நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். செய்தி வந்ததும் கடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிணவறைக்கு வெளியே ஊர் ஆண்கள் எல்லோரும் குந்தியிருந்தார்கள். பேசி முடிக்காமல் உடலை வாங்குவதில்லை என்பது வழக்கம். அந்த வழக்கத்தையும் அவர்தான் ஏற்படுத்தியிருந்தார். வேறு ஊர்க்காரர்கள்கூட இந்த மாதிரி நேரத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கஸ்தூரி பெரிம்மாவின் மடியில் கிடந்தாள். அவர் லுங்கியோடு ஒரு வேப்பமரத்தின் வேரில் உட்கார்ந்திருந்தார்.

காண்டிராக்டர் தரப்பில் ஒரு மேனேஜர் வந்தார். சின்ன வயது. நல்ல மாதிரியான ஆளாகத்தான் தெரிந்தார். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது. பெரிப்பாவுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்து, "ஐயா, நடக்கக் கூடாதது நடந்துபோச்சு. நமக்குள்ள பேசி முடிச்சிக்கலாம். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க" என்றார்.

ஊர் முழுக்க அவர் வாயையே பார்த்தது. அவர் அந்த மேனேஜரின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் சாப்ட்டானா?" என்று கேட்டார்.

"என்னங்க ஐயா?"

"புள்ள சாப்ட்டானா? இல்ல, சாப்புட்றதுக்கு முன்னாலயே ஆயிடுச்சா?"

மேனேஜர் பின்னால் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். யாருக்கும் தெரியவில்லை. "விசாரிச்சு சொல்றேன் ஐயா" என்றார் மேனேஜர். பெரிப்பா தலையை ஆட்டினார். ஊர்த்தலைவர்தான் பேசி முடித்தார். ஒரு தொகை, கஸ்தூரிக்கு அங்கேயே ஒரு வேலை. பெரிப்பா பேசியிருந்தால் இன்னும் கூட வாங்கியிருப்பார் என்று திரும்பி வரும்போது வேனில் யாரோ சொன்னார்கள். உண்மையாகவும் இருக்கலாம்.

மேனேஜர் விசாரித்துச் சொல்லவில்லை. காரியம் எல்லாம் முடிந்த பிறகு பெரிப்பாவே போனார். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் யார்டு கேட்டுக்கு வெளியே நின்று, வெளியே வருகிற பையன்களிடம் கேட்பார்: "அன்னிக்கி பிரபு கூட சாப்ட்டது யாருப்பா?" பல நாட்கள் இப்படி நின்றார். ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போனார்கள். கடைசியில் வேறு ஊர்ப் பையன் ஒருவன், தான்தான் கூடச் சாப்பிட்டதாகச் சொன்னான். பிரபு புளிச்சோறும் வறுத்த நெத்திலியும் கொண்டுவந்திருந்தான் என்றும், தனக்கும் நெத்திலி கொடுத்தான் என்றும் சொன்னானாம். பெரிப்பா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னார். "சாப்ட்டு தான் போயிருக்கான்மா." அன்று காலையில் கஸ்தூரி கட்டிக்கொடுத்தது தயிர்ச்சோறு. அது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். நாங்கள் சொல்லவில்லை. கஸ்தூரியும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கஸ்தூரிக்குக் கொடுத்த வேலை யார்டு ஆபீஸைப் பெருக்கித் துடைப்பது. மாடியில் ஆபீஸ். கொஞ்ச நாள் போனாள். ஒரு நாள் மருந்துக்கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் போகிறவரை ஓரமாக நின்றாள்.

"அந்த ஆபீஸ்ல பெரிய கண்ணாடி ஜன்னலு கீதுடி" என்றாள். "அத்த தெனம் தொடைக்கணும். தொடைச்சா அந்த எடம் பளிச்சினு தெரியுது."

அந்த மாதத்தோடு நின்றுவிட்டாள். மாதவரத்தில் பால் பண்ணைப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை கிடைத்துப் போனாள். கடல் கண்ணுக்குத் தெரியாத ஊர், லாரிகள்தான் ஓயாமல் போகும். லாரி என்று கேட்டதுமே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

பெரிப்பாவும் பெரிம்மாவும் குப்பத்திலேயே இருந்தார்கள். துறைமுகத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்று மறுபடியும் ஆட்கள் வந்தது அதற்குப் பிறகுதான். இந்த முறை கேட்டது ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய இடம், இன்னும் சிலர் வலை போட்டுக்கொண்டிருந்த கடைசி இடம். பேச்சுவார்த்தைக்கு முன்னால் என்ன கேட்பது என்று முடிவு செய்ய சமுதாயக்கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அவரை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். வீட்டில் போடுகிற பழைய சட்டையோடு வந்திருந்தார். பெண்கள் நாங்கள் வழக்கம்போல் வெளியே, சன்னலை ஒட்டி நின்றோம்.

தலைவர் பேசினார். இத்தனை வேலை கேட்கலாம், நிரந்தரமாகக் கேட்கலாம் என்றார். பிறகு, "அண்ணாத்த, நீ சொல்லு" என்றார்.

அவர் எழுந்து நின்றார். எழுந்து நின்று பேசுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

"இந்த வாட்டி வேணாம்னு சொல்லிடலாம்."

எல்லோரும் காத்திருந்தார்கள். இதற்குப் பின்னால் ஏதோ ஒரு தந்திரம் வரும், முதலில் வேண்டாம் என்று சொல்லி அப்புறம் விலையை ஏற்றுவார் என்று நினைத்தார்கள். தந்திரம் எதுவும் வரவில்லை.

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். மரியாதையாகத்தான் கேட்டான். "வேணாம்னு சொன்னா இன்னா பெரிப்பா தருவாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது. அவருக்கும் பட்டிருக்க வேண்டும். பையன் இன்னும் கொஞ்சம் தணிந்த குரலில், "நீ தான பெரிப்பா சொல்லுவ, அவங்க குடுக்கறத தான் கேக்கணும்னு" என்றான்.

"சொன்னேன்" என்றார் அவர். "நான் தான் சொன்னேன்."

உட்கார்ந்துவிட்டார். கூட்டம் தொடர்ந்தது. எத்தனை பேருக்கு வேலை, யார் யாருக்கு என்று பேச்சு போனது. சதீஷ் கையைத் தூக்கினான். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தான். நைனாவுக்கும் அப்போது மூச்சிரைப்பு வந்து ஆற்றில் இறங்குவதை நிறுத்தியிருந்தார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா அவனையே பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் சதீஷ் கையை இறக்கியிருப்பான். அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, "அன்னிக்கி ஆத்துக்காவ அவரு வாய தொறக்கல. இன்னிக்கி அவரு தொறந்தப்ப எனுக்கு வாய் வர்ல" என்றாள்.

அவர்மேல் யாருக்கும் கோபம் இல்லை. அதுதான் அவரை உட்கார வைத்தது என்று நினைக்கிறேன். திட்டியிருந்தால் காதைத் தேய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார், பிறகு பேசியிருப்பார். அவரை வழியில் பார்த்தால் நின்று விசாரித்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தைக்கு மட்டும் கூப்பிடவில்லை. ஓரிரு மாதத்தில் பெரிம்மாவையும் கூட்டிக்கொண்டு மகளிடமே போய்விட்டார்.

மாதவரத்தில் அவரை நான் ஒருமுறைதான் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லாரி செட்டுக்குப் பின்னால் முதல் மாடியில் ஒற்றை அறை வீடு. கஸ்தூரி தையல் மிஷினை ஒதுக்கி எனக்கு இடம் செய்தாள். அவர் இன்னும் மெலிந்திருந்தார். நைனாவின் மூச்சிரைப்பு, யார் வீட்டில் கல்யாணம், யார் செத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முகத்துவாரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அங்கே அப்போது கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சதீசு இன்னா பண்றான்?"

"வேலைக்குப் போறான் பெரிப்பா. ரெண்டு மாசம் ஆவுது."

"எந்த எடத்துல போட்டுகீறாங்க?"

நான் கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யார்டுல" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போன் போட்டுக் குடு" என்றார்.

சதீஷ் எடுத்தான். வேலையில்தான் இருந்தான். பின்னால் வண்டிச் சத்தமும் பீப் பீப்பென்று ஏதோ அடிப்பதும் கேட்டது. அவருக்குக் காது மந்தமாகியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"சதீசு, நான் தான்டா. வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால நிக்காத. சைடுல நில்லு. ஓட்றவன் மொகம் ஒனுக்கு தெரியணும். அவன் மொகம் ஒனுக்குத் தெர்லன்னா நீ அவனுக்குத் தெர்லன்னு அர்த்தம். புரிதா?"

"செரி பெரிப்பா. ட்ரெய்னிங்லயே சொல்லிட்டாங்க."

"அவனுக்கும் சொல்லிருப்பாங்கடா."

வண்டிச் சத்தம் மட்டும் வந்தது. "கூப்புட்றாங்க பெரிப்பா, வெச்சிட்றேன்" என்று துண்டித்துவிட்டான்.

கஸ்தூரி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவர் என் போனைத் திருப்பித் தராமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தார். திரை அணைந்தது. கட்டைவிரலால் அதைத் துடைத்தார். பிறகு என்னிடம் நீட்டி, "இன்னொரு தபா போட்டுக் குடு. பூட்ஸு கயித்த இறுக்கிக் கட்டச் சொல்லல" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

"வேலைல இருப்பான் பெரிப்பா" என்றேன்.

"வேலைல தான் இருப்பான்" என்றார் அவர்.